மதாம் கேட்ட இருபத்திரண்டு

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் நம் ஊழியத்தின் வரலாற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மேடையும் மைக்கும் எனக்கு ஆகாது. கல்லாவுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் நின்றவள் நான். எதிரில் ஒரே ஒரு ஆள் நின்றால்தான் எனக்குப் பேச வரும். அதனால் எழுதியே தருகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள். சாம்பார் சிந்தினாலும் பரவாயில்லை.

வரலாறு வேண்டுமென்றால் வாசலில் கல்வெட்டு இருக்கிறது. யார் அடிக்கல் நாட்டினார், யார் ஜெபித்துத் திறந்துவைத்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. அதில் இல்லாததைச் சொல்கிறேன். இந்தக் கடை முதலில் கடையே இல்லை, ஒரு தகரப் பெட்டி. அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிகிற நேரத்துக்குச் சபை வாசலில் போய் நிற்பார். வேதாகமம், பாட்டுப் புத்தகம், பிள்ளைகளுக்குப் படக்கதை, அவ்வளவுதான் சரக்கு. மழை வந்தால் சட்டையைக் கழற்றிப் பெட்டியின்மேல் போட்டுவிட்டு பனியனோடு நிற்பாராம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெட்டி போய் ஒரு வாடகை அறை வந்திருந்தது. பிறகுதான் இந்த இடம். கேசட் வந்தது, போனது. சிடி வந்தது, அதைவிட வேகமாகப் போனது. இப்போது வேதாகமமே கைபேசிக்குள் போய்விட்டது. என் வீடு இருக்கிற மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறினால் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை: “இன்னுமா டீச்சர் அந்தக் கடை நடக்குது?” நான் டீச்சர் இல்லை, கண்ணாடி போட்டிருப்பதால் அப்படி ஒரு மரியாதை. நடக்கிறது என்று சொல்வேன்.

நீங்கள் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நினைவு அட்டையோ கல்யாணப் பத்திரிகையோ அச்சுக்குப் போகும் முன், மாதிரியை வாடிக்கையாளர் கையில் கொடுத்து கையெழுத்து வாங்குவதோடு நாம் நிறுத்துவதில்லை. அதை உரக்க வாசித்துக் காட்டுகிறோம். கல்லூரிப் பேராசிரியர் வந்தாலும் வாசிக்கிறோம், சாமியார் வந்தாலும் வாசிக்கிறோம். உங்களில் ஒரு தம்பி, “படிச்சவங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம், டைம் வேஸ்ட்டு” என்றானாம். எனக்குக் காது நீளம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என்னுடைய திமிரில் வந்தது.

நம் புதுச்சேரியில் கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். நம் கடையைத் தொடங்கியவர்களோ மற்ற பக்கம், சீர்திருத்தச் சபைக்காரர்கள். ஆனால் இரண்டு பக்கமும் நம்மிடம்தான் வரும். ஒரே ஆண்டவர், ஒரே தமிழ், ஆனால் சொல் வேறு. நாங்கள் ஜெபம் செய்தால் அவர்கள் செபம் செய்வார்கள். நாங்கள் பரலோகம் போவோம், அவர்கள் விண்ணகம் போவார்கள். எங்களுக்கு ஆராதனை, அவர்களுக்குப் பூசை. எங்களுக்குச் சங்கீதம், அவர்களுக்கு இப்போது திருப்பாடல். வயதானவர்கள் மட்டும் இன்னும் சங்கீதம் என்பார்கள். செபமாலை விற்கலாமா கூடாதா என்று நம் கமிட்டியில் மூன்று கூட்டம் நடந்தது. விற்பதில்லை என்று முடிவானது. எந்தத் தெருவில் நல்லதாகக் கிடைக்கும் என்று வழி மட்டும் சொல்லி அனுப்பினோம்.

இந்த வித்தியாசமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசலில் கால் வைத்து வாயைத் திறந்தால் போதும், இவர் எந்தப் பக்கம், எந்த அலமாரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அது ஒரு டிசம்பர் மாதம். கைபேசியில் படம் அனுப்பும் வசதியெல்லாம் வராத காலம். டிசம்பரில் நம் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, இனிமேல்தான் தெரியும். நட்சத்திரம் ஒரு பக்கம், குடில் பொம்மை ஒரு பக்கம், காலண்டருக்கு மட்டும் தனிக் கூட்டம். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கவுன் போட்ட ஒரு வயதான அம்மா வந்தார். கையில் குடை, தோளில் கொக்கி வைத்த பழைய தோல் பை. தெருவில் அவரை எல்லாரும் மதாம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நம் ஊரில் இன்றைக்கும் அதுதான் பெயர். அந்த சொல்தா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

“முப்பதாம் நாள் பூச வைக்கிறேன். வர்றவங்களுக்குக் குடுக்க அட்ட வேணும்மா” என்றார். படம் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் சொன்னார்.

“பிரெஞ்சுலயா, தமிழ்லயா மதாம்?”

“தமிழ்ல போடு. அவரு அக்கா தங்கச்சிங்க வருவாங்க, வில்லியனூர் பக்கம். அவங்க படிக்கணும். நாப்பது வருஷமா நான் அவர அவங்ககிட்டேர்ந்து பிரிச்சி வச்சிட்டேன்னு ஒரு கொற. இந்த ஒரு வேலையாச்சும் அவங்க மனசு போல செய்யணும்.”

“வசனம் ஏதாச்சும் சொல்றீங்களா?”

“சங்கீதம் இருபத்திரண்டு. அவருக்கு உசுரு அது. மொதல் ரெண்டு வரி போதும்.”

பூசை என்றதுமே கத்தோலிக்கர் என்று தெரிந்துவிட்டது. சங்கீதம் என்றது வயதைச் சொன்னது. நான் கெட்டிக்காரி அல்லவா, நம் பக்கத்து வேதாகமத்தை எடுக்காமல் அவர்கள் பக்கத்துத் தமிழ் விவிலியத்தை எடுத்தேன். நம் பக்கத்திலும் ஒரு தடவை சரிபார்த்தேன். இரண்டிலும் இருபத்திரண்டு ஒன்றுதான்.

உங்களுக்குச் சங்கீதம் மனப்பாடமாக இருந்தால் இந்நேரம் பகீர் என்றிருக்கும். ஏன் என்னை விட்டுவிட்டாய் என்று கடவுளின் சட்டையைப் பிடித்துக் கேட்கிற பாட்டு அது. நினைவு அட்டையில் யாரும் அதைப் போடுவதில்லை. என் கை ஒரு நொடி நின்றது நிஜம். இதுவா கேட்டார் என்று தோன்றியதும் நிஜம். ஆனால் பின்னால் காலண்டருக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள், துக்கத்தில் இருப்பவரிடம் போய் உங்கள் வசனம் சரியில்லை என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

நமக்கு அச்சடித்துக் கொடுத்தவர் மார்க்கெட்டுக்குப் பின்னால் அச்சகம் வைத்திருந்த ஒரு பாய். எங்கள் காலண்டர் முழுக்க அவர் கையில்தான். தான் அச்சடிப்பதை வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். அப்படி ஒரு அச்சகத்தாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அட்டையின் எழுத்தைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்.

“அக்கா, இது எறந்தவருக்குப் போடற அட்டதானே? ஆறுதலா ஒண்ணும் இல்லியே. அந்தம்மா இதத்தான் கேட்டாங்களா?”

“எங்க வேதத்த எங்களுக்கே சொல்லித் தரீங்களா பாய்?” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா” என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மாதிரி வந்ததும் மதாம் வந்து பார்த்தார். அட்டையைத் தூரமாக வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கணவரின் படத்தை விரலால் தடவினார். “அழகா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு மாதிரியின் ஓரத்தில் அழகான சாய்வெழுத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து நான் மயங்கி நின்றேன். இவ்வளவு நன்றாக எழுதுகிறவருக்குத் தமிழ் படிக்க வராது என்று எனக்கு எப்படித் தோன்றும்?

முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூசை. காலை பத்து மணிக்கு மதாம் அட்டைகளை வாங்கிப்போக வந்தார். கட்டுகளைக் கல்லாமேல் வைத்தேன். ஒன்றை உருவி எடுத்துப் பார்த்து, “அவரு படத்தாண்ட வைக்கிறேன்” என்று பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்தப் பையிலிருந்தே தோல் அட்டை போட்ட ஒரு குட்டிப் புத்தகத்தை வெளியே எடுத்தார். பிரெஞ்சுப் பூசைப் புத்தகம்.

“அவரு பட்டாளத்துல இருந்தப்ப சட்டப் பையிலேயே வச்சிருந்தாரு. பாரு, பென்சில்ல கோடு போட்டிருக்காரு.”

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எண் தெரியுமே. பக்கத்தின் மேலே இருபத்திரண்டு என்று இருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு சின்னப் படம்: கையில் கோலோடு ஒருவர், அவர் காலடியில் ஆட்டுக்குட்டிகள். மதாம் படத்தின்மேல் விரலை வைத்து, “பெர்ழே. மேய்ப்பன். இந்தப் பாட்டு படிச்சா அவருக்குத் தூக்கம் வந்துடும்” என்றார்.

மேய்ப்பன் சங்கீதம் நமக்கு இருபத்து மூன்று. இப்போதைய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் இருபத்து மூன்று. பழைய லத்தீன் வழியில் எண்ணினால் ஒன்பதும் பத்தும் ஒரே பாட்டாகச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு எண் பின்னால் போய்விடும், நம் இருபத்து மூன்று அங்கே இருபத்திரண்டு. பிரெஞ்சுப் பூசைப் புத்தகங்கள் அந்த எண்ணிக்கையைத்தான் வைத்திருந்தன. இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு பக்கத்துச் சொற்களையும் கரைத்துக் குடித்தவள் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நான், இந்த ஊரில் பிரெஞ்சு என்று மூன்றாவது ஒன்று இருப்பதைச் சுத்தமாக மறந்துபோனேன். அதுவும் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள்.

மதாமைப் பார்த்தேன். தப்பான அட்டை கட்டுக் கட்டாகக் கண்ணெதிரே இருக்கிறது, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் அவர் மாதிரியை அத்தனை நேரம் பார்த்தது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அவர் படித்ததெல்லாம் பிரெஞ்சில். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. கடையில் பத்துப் பேர் எதிரில் அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டிருக்கிறார்.

ஆனால் வில்லியனூரிலிருந்து வருகிற நாத்தனார்களுக்குப் படிக்கத் தெரியும். கூடப்பிறந்தவர் செத்துப்போன முப்பதாம் நாள், பெண்டாட்டி கையால் கொடுக்கிற அட்டையில், கைவிட்டுவிட்டாயே என்று எழுதியிருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நாற்பது வருடக் குறை இன்னொரு நாற்பது வருடத்துக்குத் தாங்கும். அட்டையை யாரும் தூக்கிப் போடவும் மாட்டார்கள். செபப் புத்தகத்தில் வைத்துக் காலத்துக்கும் காப்பாற்றுவார்கள்.

அந்த நிமிடத்தில் நான் செய்தது இதுதான்: பொய் சொன்னேன். “மதாம், இந்தக் கட்டெல்லாம் ஓரம் கோணலா வெட்டியிருக்கான். சரி பண்ணி நானே சாயங்காலத்துக்குள்ள வீட்டுல கொண்டாந்து தரேன்.”

“மெர்சிம்மா” என்று சொல்லிவிட்டு, நான் சிரமப்படுகிறேனே என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார். பையில் போட்ட ஒரு அட்டை அவரோடு போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

அன்றைய மேலாளர் நல்ல மனிதர். ஆனால் டிசம்பரில் எந்த மேலாளரும் நல்ல மனிதராக இருக்க முடியாது. “கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காங்கல்ல? நம்ம மேல தப்பு இல்லையே” என்றார். காகிதத்தில் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்தக் கையெழுத்து மாதிரியின் ஓரத்தில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. படிக்காத ஒன்றுக்கு அந்த அம்மாவிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆட்டோ பிடித்து அச்சகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை என்றால் பாய் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். மிஷினில் வேறு ஒரு சபையின் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

“பாய், நீங்க அன்னிக்கே கேட்டீங்க. நான்தான் திமிரா பேசிட்டேன்.”

அவர் என்னை முடிக்கவிடவில்லை. “அத வுடுங்க அக்கா. சரியான எழுத்து எது, அதக் குடுங்க. எத்தினி மணிக்கு வேணும்?”

“ஆறு மணிக்குப் பூச.”

ஓடுகிற காலண்டரை நிறுத்தினார். எழுத்தைத் தயார் செய்து, மிஷினில் ஏற்றி, ஒன்று எடுத்து என் கையில் கொடுத்தார். “படிங்க. சத்தமா படிங்க” என்றார். நான் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஆங், இது ஆறுதலா இருக்கு. தொழுதுட்டு ரெண்டு மணிக்கு வந்துடறேன். நாலரைக்கு உங்க கையில இருக்கும்.” மாதிரியை உரக்க வாசிக்கிற வழக்கம் நம் கடைக்கு வந்தது அந்த அச்சகத்திலிருந்துதான். கல்வெட்டில் அவர் பெயர் இல்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நான் கொண்டுபோன தப்பான கட்டுகளை அவருடைய குப்பைக் கூடையில் போடப் போனேன். பாய் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயோ, அதுல போடாதீங்க. ஆண்டவன் பேரு இருக்கு. எங்க வீட்டுச் செடியாண்ட பொதச்சிடறேன்.”

வேதாகமம் விற்றுச் சோறு தின்கிறவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொன்னபடி நாலரைக்குப் புது அட்டைகள் கையில் இருந்தன. இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். தப்பு அழிந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. படத்தருகே இருக்கிற அந்த ஒற்றை அட்டையை, இதுவும் கோணல் மதாம் என்று சொல்லி வாங்கிவிடலாம். அந்த அம்மாவின் மனதை ஏன் புண்படுத்த வேண்டும், இது இரக்கம்தானே என்றுகூட எனக்குத் தோன்றியது. நம் தப்பை மறைக்கும்போது மட்டும் நமக்கு எங்கிருந்தோ இவ்வளவு இரக்கம் வந்துவிடுகிறது. ஜாக்கிரதையாக இருங்கள்.

வீடு அவர்களுடைய மாதா கோயிலுக்குப் பின் தெருவில். மதாம் தனியாக இருந்தார், பூசைக்குக் கிளம்பித் தயாராக உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் சொல்தாவின் படம், பதக்கங்களோடு. அதற்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி, படத்தின்மேல் சாய்த்து அந்த அட்டை. கைவிட்டாயே என்று கேட்கிற வரிக்கு வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அந்த அம்மா அதன் எதிரில் கை கூப்பி உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

“மதாம், காலையில உங்ககிட்ட பொய் சொன்னேன். வெட்டு சரியாத்தான் இருந்துச்சு. உள்ள இருக்கற பாட்டு வேற. தப்பு என்னுது.”

“வேறன்னா?”

எண்ணிக்கைக் கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அட்டையை விரலால் காட்டினார்.

“அப்ப இதுல இன்னா போட்டிருக்கு?”

“வாணாம் மதாம். புதுசு கொண்டாந்துட்டேன், மேய்ப்பன் பாட்டு.”

“எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு உனக்குத் தெரிஞ்சிபோச்சில்ல? படி.”

படித்தேன். இரண்டே வரிதான். மதாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது பெரிய வெள்ளிக்கெழம சிலுவையில சேசு சொல்றது.”

“ஆமா மதாம்.”

“அவரு சொல்லலாம். நாம சொல்லலாமா?”

எனக்கு வேதம் படிப்பித்தவர்கள் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. யோசித்துப் பதில் சொல்ல நேரமும் இல்லை. “அவருக்கு முன்னாடியே யாரோ ஒரு மனுஷன் பாடுனதுதான் மதாம். சொல்லலாம்னுதான் எழுதி வச்சிருக்கு” என்றேன்.

மதாம் அழுதார். கணவர் போன பிறகு நான் பார்க்க அவர் அழுதது அப்போதுதான். “முப்பது நாளா இதான் என் வாயில நிக்குது. வெளிய சொல்ல பயந்துகினு முழுங்கிட்டேன். பாவம்னு நெனச்சி பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லிட்டு வந்தேன்ம்மா.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். ஐந்தரைக்குக் கோயில் மணி அடித்ததும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். “சனங்களுக்கு மேய்ப்பனக் குடு, அவரு கேட்டது அது. இது எனக்கு” என்று, மெழுகுவர்த்தியருகே இருந்த அட்டையை எடுத்துப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பூசை முடிந்து கோயில் வாசலில் நாத்தனார்கள் அட்டையைப் படித்தார்கள். மூத்தவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மதாமின் தோளில் சாய்ந்து, “எங்க தம்பிக்கு ஏத்த பாட்டுதான் போட்டிருக்க” என்றார்.

இங்கேயே முடித்துவிட்டால் கதை எனக்கு ரொம்பச் சாதகமாக இருக்கும். நீங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் கணவர் இறந்த தேதியன்று மதாம் கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. அந்தப் பழைய அட்டையை எடுத்துக் கல்லாமேல் வைத்து, “இதுக்கு மேல இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “படி” என்றார். தமிழ் விவிலியத்தை எடுத்து நின்றபடியே படித்தேன். பாதிக்கு மேல் போனதும் கையைத் தூக்கினார். “போதும்.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த மாதமும் அதே தேதி, அதே இடம், அதே “போதும்.” அந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள். பாதி தாண்டியும் அழுகைதான். அதற்குப் பிறகு அது திரும்பும், கடைசியில் நன்றியில் போய் நிற்கும். அவர் கையைத் தூக்கியது சரியாக அது திரும்புவதற்கு ஒரு வரி முன்னால். எனக்கு உள்ளுக்குள் பரபரவென்று இருக்கும். ஊழியக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது அழுதால் உடனே துடைத்துவிட வேண்டும். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் சொல்லியேவிட்டேன்.

“இன்னும் ஒரு வரி போனா மாறிடும் மதாம்.”

“பாட்டு மாறட்டும். எனக்கு இன்னும் மாறலியே” என்றார்.

அதோடு பாட்டு மாறுவதைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டேன். இன்னொரு நாள், பிரெஞ்சிலேயே இருபத்தொன்று என்று தேடினால் இந்தப் பாட்டு கிடைக்கும், வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே என்று அவருக்கு உதவுவதாக நினைத்துச் சொன்னேன். “படிக்கலாம். ஆனா அது என் கொரலு. வீட்ல இப்ப என் கொரலு மட்டும்தான் கேக்குது” என்றார். அதனால் சொல்கிறேன், ஒன்றும் வாங்காமல் வந்து நிற்கிறவர்களை என்ன வேண்டும் என்று விரட்டாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது நம் அலமாரியில் இல்லாமல் போகலாம். ஆனாலும் நம்மிடம்தான் வந்திருக்கிறார்கள். இந்தக் கடை இன்னும் ஏன் நடக்கிறது என்று பஸ்ஸில் கேட்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதம் தவறாமல் வந்தார். மழையில் வந்தார், கத்திரி வெயிலில் வந்தார். புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்குத் தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. எத்தனையாவது மாதம் என்று எண்ணி வைக்கவில்லை, வருடம் திரும்பி மழைக்காலம் தொடங்கியிருந்தது என்று மட்டும் ஞாபகம். அன்றைக்கு அவருக்கு முட்டி வலி. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கல்லாவுக்கு உள்ளே என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு படித்தேன். வழக்கமான இடம் வந்தது. நானாகவே நிறுத்திப் புத்தகத்தை மூடப் போனேன்.

மதாம் பக்கத்தின்மேல் கையை வைத்தார்.

“ஏன் நிறுத்திட்ட? மேல படி.”

நான் படித்தேன். தமிழ் எழுத்தே தெரியாத அந்த விரல், நான் படிக்கப் படிக்க வரிவரியாகக் கூடவே வந்தது. கடைசி வசனம் வரைக்கும் வந்தது.